புயலுக்குப் பின் ஒரு படகுப் பிரயாணம்

“கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்தப் பழமொழியை விரித்து எழுதும்படி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பல தடவை கட்டளையிட்டும் இருக்கிறோம். ஆனால் நூற்றுக்கணக்கான படகுகள் உண்மையாகவே கவிழ்ந்து கிடந்த ஒரு பிரதேசத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான், கன்னத்தில் வைக்காத கையை வேறு எங்கே வைப்பது என்ற கேள்வி நம் மனத்தில் உதித்தது. அதற்கு விடை கிடைத்த கதையைத்தான் இப்போது நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

அது 2017-ம் வருஷம் அக்டோபர் மாதம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில் உள்ள ப்ளோரிடா ராஜ்யத்தில், மயாமி நகரில், நம்முடைய பழைய மாணாக்கர் ஒருவர் எஞ்சினீயராக இருந்தார். “ஸார், ஒரு தடவையாவது வந்து போகவேண்டும்” என்று ஏழெட்டு வருஷமாக எழுதிக்கொண்டே இருந்தார். கோடை விடுமுறையில் புறப்படுவதாக எண்ணியிருந்தோம். அநுமதிச் சீட்டு தாமதப்பட்டதால் பிரயாணம் அக்டோபருக்குத் தள்ளிப் போயிற்று. இதற்கு நடுவில், ஸெப்டம்பர் 10-ந் தேதி, இர்மா என்ற பெரும்புயல் அந்த ராஜ்யத்தின் தென்கோடித் தீவுகளைத் தாக்கியது. இப்போது வரவேண்டாம் என்று எழுதுவார் என எதிர்பார்த்தோம். “தாராளமாக வாருங்கள், ஸார். ஆனால் ஊர் பார்க்கச் சௌகரியப்படாது. தீவுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் படகு ஒன்றில் இடம் இருக்கிறது. கொஞ்சம் வேலையும் செய்யச் சம்மதமானால் அதில் போகலாம்” என்று பதில் வந்தது. சம்மதித்தோம்.

சாவி அல்லாத “கீ”

மயாமிக்குத் தெற்கே ஆரம்பித்து, தென்மேற்காக வளைந்து, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கும் மெக்ஸிகோ குடாவுக்கும் இடையே, அறுந்து சிதறிய முத்துமாலையைப் போல் ஒரு தீவு வரிசை கிடக்கிறது. இவற்றிற்குக் “கீஸ்” என்று பெயர். இங்கிலீஷில் “கீ” என்றால் சாவி என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். இந்தக் “கீ” அதுவன்று. சிறு தீவைக் குறிக்கும் “காயோ” என்ற ஸ்பானிஷ் சொல், இங்கிலீஷ்காரர் வாயில் தேய்ந்து “கீ” ஆகிவிட்டது.

இத்தீவுகளில் 70,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கிறார்கள். நிலமோ பெரும்பாலான இடங்களில் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் ஆள் உயரங்கூட இல்லை. பவழப் பாறையும் கண்டல் காடுமாக இருக்கும் இந்தத் தரையில் சொல்லத் தக்க ஆறு கிடையாது. தீவுகளைக் கோத்துச் செல்வது ஒரே ஒரு ரஸ்தாதான். அதில் 42 பாலங்கள். குடிதண்ணீரும் தலைநிலத்திலிருந்தே வரவேண்டும். 1942-ல் அமெரிக்கக் கடற்படையாரின் உதவியோடு சுமார் 130 மைல் நீளத்துக்குக் குழாய் போட்டார்கள். பிற்காலத்தில் அதைவிடப் பெரிய குழாய் வந்தது. மின்சாரமும் அரிசி பருப்பும் பெட்ரோலும் அதே பாதையில்தான் வந்தாகவேண்டும். ஆகவே கயிறு ஓரிடத்தில் அறுந்தால் மாலை முழுவதும் தவிக்கும்.

அன்று காலையில் இர்மா கரையேறிய இடம் கட்ஜோ கீ என்ற தீவு. காற்றின் வேகம் மணிக்கு 130 மைல். ரஸ்தா இரண்டு இடங்களில் அடித்துக்கொண்டு போகப்பட்டது. அதைச் சில நாட்களுக்குள் செப்பனிட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அடியோடு அழிந்தன. வேரோடு சாய்ந்த மரங்கள் பூமிக்குள் இருந்த தண்ணீர்க் குழாய்களையும் பிய்த்துக்கொண்டு விழுந்தன. 42 பாலங்களும் பரிசோதிக்கப்பட்டு, குடிகள் வீடு திரும்பி, வெளியூர்க்காரர்களுக்கு அக்டோபர் முதல் தேதிதான் வழி திறந்தது.

எண்ணெய் எங்கே போயிற்று?

கீஸ் தீவுகளில் படகு என்பது செல்வர்களின் விளையாட்டுப் பொருள் மாத்திரமன்று. இறால் இனத்தைச் சேர்ந்த “லாப்ஸ்டர்” என்ற சிங்கி மீன் பிடிப்பவருக்கு அது ஏர். பென்ஷன் வாங்கிக்கொண்டு தண்ணீரிலேயே குடித்தனம் செய்யும் வயோதிகருக்கு அது வீடு. இந்தப் படகுகளுக்காகக் கரையோரத்தில் படகுத்துறைகள் உண்டு. டீஸல், பெட்ரோல், குடிதண்ணீர், ஐஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். குளிக்கவும் துவைக்கவும் வசதி உண்டு. படகில் சேர்ந்த கழிவை உறிஞ்சி எடுக்கும் பம்பும் இருக்கும். தீவுகளைச் சூழ்ந்த கடலில் படகுக் கழிவைக் கொட்டுவது சட்டப்படி குற்றம். ஆகையால் இந்த அழகற்ற வேலை எண்ணெயைப் போலவே அவசியமானது.

புயலுக்குப் பின் எண்ணெய் ஏன் கிடைக்கவில்லை என்று நம் மாணாக்கரைக் கேட்டோம். அவர் விளக்கிய காரணங்கள் பாடப்புத்தகத்தில் சேர்க்கத் தக்கவை. ப்ளோரிடாவுக்கு வேண்டிய எண்ணெய் பெரும்பாலும் கப்பலில் வருகிறது. தென் ப்ளோரிடாவுக்கு அது இறங்குமிடம் எவர்க்ளேட்ஸ் துறைமுகம். புயல் நெருங்கினால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள். எண்ணெய்க் கப்பல்கள் நடுக்கடலில் காத்திருக்கவேண்டியதுதான். அதே சமயத்தில் கரையோர ஜனங்கள் மோட்டாரை எடுத்துக்கொண்டு வடக்கே ஓடுகிறார்கள். இர்மாவின் போது அறுபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இடம் பெயரும்படி சர்க்கார் சொல்லியிருந்தது. போதாக்குறைக்கு, இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஹார்வி என்ற வேறொரு புயல் டெக்ஸாஸ் ராஜ்யத்தைத் தாக்கி அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை நிறுத்தியிருந்தது. வரத்துக் குறைந்து செலவு கூடினால் பானை வறண்டு போவதற்கு ஜோஸியம் தேவையில்லை.

தெருப் பம்புகளுக்குச் சில நாளில் எண்ணெய் வந்துவிட்டது. படகுத்துறையின் கதை வேறு. அங்கே தொட்டி கரையில் பூமிக்குள் இருக்கும். பம்பு தண்ணீருக்குள் நீண்ட மேடையின் முனையில் இருக்கும். மேடை உடைந்தால் எண்ணெய் இருந்தும் பயனில்லை. மேடை இருந்து மின்சாரம் இல்லாவிட்டால் பம்பு சுற்றாது. இரண்டும் இருந்து, தொட்டிக்குள் கடல் நீர் புகுந்திருந்தால் அந்த எண்ணெயை வாங்கியவன் எஞ்சினையே இழப்பான். இந்த மூன்று நிலைமையையும் நாம் ஒரே நாளில் காணப் போகிறோம் என்று அப்போது தெரியாது.

முப்பது காலன்

படகுக்குச் சொந்தக்காரர் எழுபது வயதைக் கடந்த ஓர் அமெரிக்கர். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாரதான் என்ற ஊரின் துறையில் படகே வீடாகப் பத்து வருஷம் வாழ்ந்தவர். புயல் வருமுன் படகை மயாமி ஆற்றுக்குள் கொண்டுபோய் மரங்களோடு கட்டிப் பிழைக்கவைத்தார். அவருடைய அண்டைப் படகுக்காரி, ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அம்மையார், அவ்வளவு பாக்கியம் செய்யவில்லை. உயிர் தப்பினார், படகு போய்விட்டது. அந்த அம்மையாருக்கும் மற்ற அயலாருக்குமாகத் தார்ப்பாய், குடிதண்ணீர், வடிகட்டிகள், இறைக்கும் பம்பு ஒன்று ஆகியவற்றைக் கிழவனார் ஏற்றிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், “டீச்சர், உங்களுக்குக் கணக்கு வருமா?” என்று கேட்டார். வரும் என்றோம். “நல்லது. எண்ணெய்க் கணக்கு உங்களுடையது” என்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

கணக்கு இதுதான். படகு மணிக்கு 6 கடல் மைல் போகும்; மணிக்கு 2 காலன் டீஸல் குடிக்கும். மாரதான் சுமார் 95 கடல் மைல் தூரம். வேண்டியது 32 காலன். வழக்கமாக எண்ணெய் வாங்கும் துறை மயாமியிலேயே நாசமாகிவிட்டதால், தெருப் பம்பிலிருந்து தகரங்களில் சுமந்து வந்து ஊற்றியதெல்லாம் சேர்ந்து தொட்டியில் இருந்தது 30 காலன், அதாவது நம் கணக்கில் சுமார் 114 லிட்டர். கீ லார்கோ தீவில் டீஸல் கிடைக்கிறது என்று கேள்வி. அங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்று கிழவனார் தைரியமாகக் கயிற்றை அவிழ்த்தார்.

பிஸ்கேன் விரிகுடாவைத் தாண்டி, பவழத் திட்டுக்கும் தீவுகளுக்கும் நடுவே உள்ள ஹாக் கால்வாய் என்ற கடல்வழியில் சென்றோம். கண்ணாடி போன்ற தண்ணீர் என்று புத்தகங்களில் வர்ணித்திருக்கிறார்கள். நாம் கண்டதோ, அரிசி களைந்த கழுநீர் போன்ற கலங்கல். கரையில் மரங்கள் தீயில் வாட்டியவை போல் பழுப்பேறி நின்றன. உப்புக் காற்று இலைகளைக் கருக்கிவிட்டது என்றார் நம் மாணாக்கர். உற்றுப் பார்த்தால் சில கிளைகளில் இளந்தளிர் தலை காட்டிக்கொண்டிருந்தது. வழிகாட்டிக் கம்பங்களில் சில சாய்ந்திருந்தன. சில இருந்த இடமே தெரியவில்லை. மிதக்கும் மரக்கட்டைகளைப் பார்த்துச் சொல்வது நமக்கு இட்ட வேலை. வகுப்பில் கடைசிப் பெஞ்சைக் கவனித்துப் பழகிய கண் அதற்கு நன்றாகவே உதவிற்று.

நேற்றைய உண்மை

ஏழரை மணி நேரத்தில் கீ லார்கோ சேர்ந்தோம். நோட்டுப் புத்தகத்தில் மீதி 15 காலன்.

முதல் துறையில் மேடை நன்றாக இருந்தது. ஆனால் துறைக்காரர் ஒரு நீண்ட கோலின் நுனியில் ஏதோ பசையைத் தடவித் தொட்டிக்குள் விட்டு எடுத்துக் காட்டினார். தண்ணீர் பட்டால் அந்தப் பசை நிறம் மாறும், மாறியிருந்தது. “நான் விற்கமாட்டேன். நீங்கள் கெஞ்சினாலும் விற்கமாட்டேன்” என்றார். விற்றிருந்தால் நாம் வாங்கியிருப்போம் என்பதை அவர் அறிவார். அந்த மனிதருக்கு மனத்துக்குள் நமஸ்காரம் செய்தோம். இரண்டாவது துறையில் தொட்டி நிறைய நல்ல டீஸல். மேடையோ இரண்டாக ஒடிந்து பம்பு தலைகீழாகத் தண்ணீருக்குள் கிடந்தது.

அப்போது ரேடியோவில் ஒரு குரல்: “உள் கால்வாயில் ஒரு துறையில் டீஸல் இருக்கிறது. நான் நேற்று நிரப்பினேன்.” கிழவனார் முகம் மலர்ந்தது. முழுகிய படகுகளின் மீது மோதாமல் அங்குலம் அங்குலமாக உள்ளே போனோம். கால்வாயின் கோடியில் ஒரு கொட்டகை; கதவில் ஓர் அட்டை; அட்டையில் “இல்லை” என்ற ஒரே சொல். காவல்காரர் எட்டிப் பார்த்து, “நேற்று மாலையே தீர்ந்துவிட்டதே” என்றார். போகவும் வரவும் இரண்டு மணி நேரம், 4 காலன். மீதி 11.

நமக்குக் கோபம் வந்தது. “விசாரியாமல் சொல்லலாமா?” என்றோம். கிழவனார் நங்கூரத்தை இறக்கிக்கொண்டே, “அவன் பொய் சொல்லவில்லை, டீச்சர். நேற்று அது உண்மை. உண்மைக்கும் இங்கே பாலைப் போல வயது உண்டு” என்றார். இருபது வருஷம் உபாத்தியாயர் தொழில் செய்தும் இவ்வளவு சுருக்கமாக ஒரு பாடத்தை நாம் சொல்லிக் கொடுத்ததில்லை.

மறுநாள் காலையில் இஸ்லாமொராடா என்ற ஊரை நோக்கிப் புறப்பட்டோம். பாதி வழியில் எஞ்சின் இருமிற்று, பிறகு நின்றுவிட்டது. நமக்கு நெஞ்சு நின்றுவிட்டது போல் இருந்தது. பவழத் திட்டுப் பக்கம் அலை நம்மை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது. தொட்டியில் எண்ணெய் குறையக் குறைய அடியில் தங்கிய வண்டல் கிளம்பி வடிகட்டியை அடைத்துவிடும். படகு ஆடினால் இன்னும் சீக்கிரம் அடைக்கும். நம் மாணாக்கர் கீழே இறங்கி, கரிய வடிகட்டியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினார். நாம் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தோம். “ஸார், விளக்கு ஆடுகிறது” என்றார். ஆடியது விளக்கன்று, நம் கைதான். இருபது நிமிஷத்தில் எஞ்சின் மறுபடி பாடத் தொடங்கியது. முன்பு பௌதிக வகுப்பில் தூங்கி விழுந்த பையன் இவர்தானா என்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

கல்லில் வளைந்த தென்னை

இஸ்லாமொராடாவுக்கு எதிரே கடலில், 1873-ல் கட்டிய அலிகேட்டர் ரீப் கலங்கரை விளக்கம் இரும்புக் கால்களோடு நிற்கிறது. இர்மாவுக்கும் அது அசையவில்லை. அதற்கு முன் 1935-ல் வந்த மகா பிரளயத்துக்கும் அசையவில்லை.

அந்த 1935-ம் வருஷத்துக் கதையைச் சொல்லாமல் இந்த ஊரைக் கடக்க மனம் வரவில்லை. ஹென்றி ப்ளாக்ளர் என்ற தனவந்தர் கடலின் மேல் பாலம் பாலமாகக் கட்டி, 1912-ல் கீ வெஸ்ட் வரையில் ரயில் விட்டார். 1935 ஸெப்டம்பர் 2-ந் தேதி இரவு பெரும்புயல் அடித்தது. முதல் மகாயுத்தத்தில் போரிட்டு, பின்பு வேலையில்லாமல், இங்கே ரஸ்தா வேலைக்கு வந்திருந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்களை மீட்பதற்காக ஒரு ரயிலை அனுப்பினார்கள். அது இஸ்லாமொராடாவில் நிற்கும்போது கடல் எழும்பி வந்தது. எஞ்சின் மாத்திரம் தண்டவாளத்தில் நின்றது. பெட்டிகள் எல்லாம் புரண்டன. அன்றிரவு இத்தீவுகளில் மாண்டவர் 400-க்கு மேல். ரயில் பாதை திரும்பக் கட்டப்படவில்லை. அதன் பாலங்களின் மேலேயே 1938-ல் மோட்டார் ரஸ்தா போட்டார்கள். மாண்டவர்களுக்கு ஊரில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அதில் காற்றில் வளையும் தென்னைகளைச் செதுக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கல்லின் முன் நின்றபோது நம் நினைவு பாம்பனுக்குப் போயிற்று. 1914-ல் கட்டிய பாம்பன் பாலமும் கடலின் மேல் ரயில் விட்டதுதான். 1964 டிஸம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடிக்குப் போன ரயிலை, அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு, கடல் விழுங்கியதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் வேறொரு கடல் அதே காரியத்தைச் செய்திருக்கிறது. அந்தக் கல்லின்மேல் வைக்க நம்மிடம் பூவில்லை. படகிலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீரைக் கொஞ்சம் அதன் அடியில் ஊற்றிவிட்டு வந்தோம்.

ஐந்து காலன் தர்மம்

நோட்டுப் புத்தகத்தில் மீதி 4 காலன். மாரதான் இன்னும் 30 கடல் மைல். இஸ்லாமொராடாவில் ஒரு துறைக்காரர் ஜெனரேட்டரை வைத்துப் பம்பை ஓட்டிக்கொண்டிருந்தார். படகு ஒன்றுக்கு 10 காலன்தான். விலை புயலுக்கு முந்திய விலை. ஆபத்துக் காலத்தில் அநியாய விலை வாங்குவதைத் தடுக்க ப்ளோரிடாவில் சட்டம் உண்டு. ஆயினும் அந்த மனிதர் சட்டத்துக்கு அஞ்சி அப்படி விற்றதாக நமக்குத் தோன்றவில்லை. நமக்கு 10 காலன் அளந்து முடிக்கையில் பம்பு வெறுங்காற்றை உறிஞ்சிக் கரகரத்தது. தொட்டி தீர்ந்துவிட்டது.

நமக்குப் பின்னால் வரிசையில் ஒரு சிங்கி மீன் பிடிப்பவரும் அவர் மகனும் காத்திருந்தார்கள். பருவம் ஆகஸ்டில் தொடங்கி மார்ச்சு வரை. தொடங்கி ஐந்து வாரத்திலேயே புயல். கடலடியில் வைத்த கூடுகளைக் காற்று எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது. காலையிலிருந்து அவற்றைத் தேடி அலைந்து, எண்ணெய் தீர்ந்து, வீட்டுக்குத் திரும்பவும் வழியில்லாமல் அங்கே நின்றார்கள். ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. பையன் மாத்திரம் நம் தகரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பார்வையை நாம் எங்கும் அறிவோம். பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளை அப்படித்தான் தலையைத் திருப்பிக்கொள்வான்.

கிழவனார் நம்மிடம், “டீச்சர், கணக்கு என்ன சொல்லுகிறது?” என்றார். நம்மிடம் இருந்தது 14 காலன், வேண்டியது 10. ஐந்து கொடுத்தால் மீதி 9. ஒரு காலன் குறைகிறது. உள்ளதைச் சொன்னோம். சொல்லும்போதே, கொடுக்க முடியாது என்று கணக்கு தீர்மானித்துவிட்டதில் நமக்கு ஓர் இரகசிய ஆறுதல் ஏற்பட்டது என்பதையும் வெட்கத்தோடு இங்கே எழுதிவைக்கிறோம். கிழவனார் சிரித்தார். “ஆறு மைல் வேகத்தில்தான் போகவேண்டும் என்று யார் சொன்னது?” என்றார்.

படகின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் எண்ணெய்ச் செலவு மிகவும் குறையும். வேகத்தில் கால் பங்கு குறைந்தால் மணிக்கு ஆகும் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 4½ மைல் வேகத்தில் போனால் 30 மைலுக்கு 6 காலனே தாராளம். ஐந்து மணி நேரத்துக்குப் பதில் ஏழு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். பௌதிகம் தெரிந்த நாம் தர்மத்துக்கு வழி தேடவில்லை. தர்மம் தெரிந்த அவர் பௌதிகத்தில் வழி கண்டுபிடித்தார். ஐந்து காலன் கைமாறிற்று. மீன்காரர் காசு நீட்டினார். கிழவனார் வாங்கவில்லை. “வேறு யாருக்காவது ஊற்றுங்கள்” என்றார்.

“இன்றைய மீன்”

அன்று இரவு அங்கேயே தங்கி, மூன்றாம் நாள் ஏழு மணி நேரம் ஆமை நடையாக நடந்து மாரதான் சேர்ந்தோம். அங்குள்ள பூட் கீ துறை, நான்கு பக்கமும் காப்புள்ள அழகான நீர்நிலை. 226 படகுகள் கட்டுவதற்கு மிதவைகள் உண்டு. அந்தக் காப்பெல்லாம் இர்மாவுக்கு முன் பலிக்கவில்லை. கண்டல் காட்டுக்குள் படகின்மேல் படகாக ஏறிக் கிடந்தன. தண்ணீருக்கு மேல் பாய்மரத்தின் நுனி மாத்திரம் தெரிந்த இடங்கள் எத்தனையோ. கீஸ் தீவுகள் முழுவதிலும் இப்படிக் கிடந்த 1,500-க்கு மேற்பட்ட படகுகளை அகற்றப் பல மாதங்கள் ஆயின என்று பின்னால் அறிந்தோம். கிழவனார் ஒன்றும் பேசவில்லை. ஒரு படகின் பெயரைப் படிப்பார், தலையை அசைப்பார், அடுத்த படகின் பெயரைப் படிப்பார்.

கரையில் ஒரு கொட்டகை. அதன் முன் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில், வலக்கை மணிக்கட்டில் கட்டுப் போட்ட ஒரு வயோதிக அம்மையார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் படகை இழந்த நர்ஸ் அம்மையார். அவர் பக்கத்தில், ஏதோ ஓட்டலிலிருந்து கிடைத்த ஒரு கரும்பலகை. அதன் தலையில் “இன்றைய மீன்” என்று வர்ணத்தில் எழுதியது அப்படியே இருந்தது. அதன் கீழே, எந்தத் துறையில் டீஸல், எங்கே நல்ல தண்ணீர், கழிவுப் பம்புப் படகு எப்போது வரும், முழுகிய படகைப் பார்க்க முக்குளிப்பவர் எங்கே கிடைப்பார், பாரந்தூக்கி எங்கே வேலை செய்கிறது என்ற விவரங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூன்று சங்கதிகள்: கண்டவர் யார், எந்தத் தேதி, எத்தனை மணி. ஒரு நாள் கடந்த வரியைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் அழித்துவிடுவார்கள்.

ஒருவர் வந்து, “தெற்கே டீஸல் வந்திருக்கிறதாம்” என்றார். “கண்டீர்களா?” என்று கேட்டார் அம்மையார். “கேள்விப்பட்டேன்.” “அப்படியானால் போய்க் கண்டுவிட்டு வாருங்கள். கேள்விப்பட்டதற்கு என் பலகையில் இடமில்லை.” இவ்வளவு நயமாகவும் கண்டிப்பாகவும் சொன்ன அந்தக் குரலைக் கேட்டு, நம் தலைமையாசிரியர் நினைவுக்கு வந்தார்.

கிழவனார் நம்மை அறிமுகப்படுத்தியதும் அம்மையாரின் முகம் மலர்ந்தது. “பள்ளிக்கூட உபாத்தியாயரா? கடவுள்தான் அனுப்பினார். இடக்கையால் நான் எழுதுவதை ஒருவராலும் படிக்க முடியவில்லை” என்று சாக்குக்கட்டியை நீட்டினார். வாங்கிக்கொண்டோம். முதலில் எழுதியது நம் சொந்த அநுபவம்: கீ லார்கோவில் முதல் துறை, எண்ணெயில் தண்ணீர், இரண்டாவது, மேடை ஒடிந்தது, உள் கால்வாய், தீர்ந்தது, இஸ்லாமொராடா, நேற்று மாலையோடு தீர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் நாளும் மணியும் போட்டோம். கூட்டத்தில் ஒரு தம்பதிகள் மறுநாள் வடக்கே புறப்பட இருந்தார்கள். கைக்குழந்தை வேறு இருந்தது. பலகையைப் படித்துவிட்டு அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, பிரயாணத்தை இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். உள் கால்வாயில் வீணாகப் போன 4 காலன் வீணாகவில்லை என்று அப்போதுதான் நம் மனம் சமாதானம் அடைந்தது.

இரண்டு நாள் அந்தப் பலகையில் எழுதினோம். அமெரிக்காவில் நாம் கண்ட காட்சிகள் அதற்கு மேல் அதிகம் இல்லை. குறையொன்றும் தோன்றவில்லை.

ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் சென்றது. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. பல நாள் மின்சாரம் இல்லை. தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் எங்கே, அதற்கு டீஸல் எங்கே என்று ஊரே அலைந்தது. ஆளுக்கு ஒரு சேதி சொன்னார்கள்; பாதி சேதி பழையது. நம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரைக் கூப்பிட்டு, ஒரு கரும்பலகையைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் வைத்தோம். “ஸார், தலைப்பு என்ன எழுதுவது?” என்று ஒரு பையன் கேட்டான். தலைப்புக் கிடக்கட்டும், முதலில் வலது மூலையில் தேதியும் மணியும் எழுது என்றோம்.

தினந்தோறும் வகுப்பில் பலகையின் மூலையில் தேதி எழுதுகிறோம். அது வெறும் சம்பிரதாயம் என்றுதான் வெகு காலம் எண்ணியிருந்தோம்.